காற்றுக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும், கடலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்களுக்கும், சிப்காட் வளாகத்தில் கம்பெனி நடத்தும் நிர்வாகங்கள் எல்லோருக்கும்:

வணக்கம்.

ரசாயனக் கம்பெனிகள் நிறைந்த கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுப்பவன் நான். சம்பளத்துக்குச் செய்யும் வேலை இல்லை. பகலில் வேறு பிழைப்பு, பொழுது சாய்ந்தால் மைதானம். மைதானம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். புறம்போக்கில் களிமண்ணைத் தட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்ட இடம், இரண்டு டியூப்லைட், ஒரு கம்பம். சின்னப் பிள்ளைகளிலிருந்து கல்லூரிப் பையன்கள் வரை வருகிறார்கள். இப்போது பெண்பிள்ளைகளும் வருகிறார்கள்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நாளைக் காலையும் நாளை மாலையும் எங்கள் மைதானத்தில் காற்று எப்படி இருக்கும் என்பதை முந்தின நாள் சாயங்காலமே எங்களுக்குச் சொல்லுங்கள். கடலூர் நகரத்துக்கு ஒரு எண், மாவட்டத்துக்கு ஒரு எண் என்று வேண்டாம். குடிகாடு, ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம், காரைக்காடு, செம்மாங்குப்பம், பச்சையாங்குப்பம் என்று ஊர் ஊராக, ஊர்க்காரர்கள் ஏறிட்டுப் பார்த்தால் புரிகிற மாதிரி சொல்லுங்கள். கடலூர் துறைமுகத்தில் புயலுக்குக் கூண்டு ஏற்றுகிறீர்களே, அதே மாதிரி காற்றுக்கும் ஒன்று.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் ஒரு கோல்ஃப் மைதானம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பெங்களூரில் அப்படியொரு மைதானத்தில் புல் பராமரிக்கும் வேலைக்குப் போனான். அங்கே ஆட வருகிறவர்கள் செல்போனில் மைதானத்தின் பெயரைத் தட்டினால், அடுத்த சில நாட்களுக்குக் காற்று எப்படி இருக்கும் என்று மணிவாரியாகப் பட்டை பட்டையாக வருகிறதாம். அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்பிவைத்தான். பதினெட்டுக் குழி ஆடி முடிக்க நான்கு மணி நேரம் வெளியே நிற்கிறார்கள், அதனால் பார்த்துக்கொள்கிறார்கள். அதில் தப்பே இல்லை, பார்த்துக்கொள்ளட்டும். சரி, நம் ஊருக்கு என்ன சொல்கிறது என்று நானும் தட்டிப் பார்த்தேன். பச்சை வட்டம். ‘வெளியில் விளையாட ஏற்ற நாள்’ என்றது. அந்த நேரத்தில் மைதானத்தில் பிள்ளைகள் சட்டையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அழுகின முட்டை நாற்றம்.

செயலி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். இப்படி எந்த ஊரின் பெயரைத் தட்டினாலும் எண் காட்டுகிற செயலிகள் பலவும், பக்கத்தில் கருவி இல்லாத இடத்துக்கு உலகம் முழுமைக்குமான கணிப்பு ஒன்றை எடுத்துத்தான் ஒட்டுகின்றன. ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் வளிமண்டலக் கண்காணிப்புச் சேவை அப்படி ஒன்றை வெளியிடுகிறது. நாளுக்கு இரண்டு முறை, ஐந்து நாள் வரைக்குமான கணிப்பு. அருமையான வேலைதான். ஆனால் அது உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஒரு கட்டத்தின் அளவு சுமார் 40 கிலோமீட்டருக்கு 40 கிலோமீட்டர். புதுச்சேரிக்கும் நமக்கும் நடுவே இருப்பதே இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். கட்டத்தின் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து, புதுச்சேரிக் கடற்கரையில் நடக்கிறவர், தேவனாம்பட்டினத்தில் சுண்டல் விற்கிறவர், உப்பனாற்றங்கரையில் கபடி ஆடுகிற பிள்ளை மூன்று பேருக்கும் ஒரே எண் வரலாம். நெய்வேலிப் பக்கத்துப் புகைபோக்கிகளும் அதிலேயே பாதி கலந்திருக்கலாம். அந்த கோல்ஃப் மைதானத்துக்கு வருகிற எண்ணும் இப்படி வந்ததாக இருக்கலாம். மேலே மைதானத்தின் பெயரை எழுதியிருப்பதால் அங்கேயே கருவி வைத்து அளந்த மாதிரி ஒரு தோற்றம். என்ன வித்தியாசம் என்றால், அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் ரசாயனக் கம்பெனி இல்லை. பெரிய கட்டத்தின் எண் அவர்களுக்கு ஓரளவு பொருந்தும். எங்களுக்குப் பொருந்தாது.

‘செயலியை ஏன் பார்க்கிறீர்கள், அரசாங்கத்தின் காற்றுத் தரக் குறியீடு இருக்கிறதே’ என்று கேட்பீர்கள். இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் வெளியிடும் பட்டியலில் கடலூர் என்ற பெயரும் வருகிறது. அந்தக் குறியீட்டைக் குறை சொல்ல மாட்டேன். 2015-இல் அது வந்த பிறகுதான் சாதாரண ஆட்கள் காற்றைப் பற்றிப் பேச ஒரு பொதுவான அளவு கிடைத்தது. ஆனால் அது எட்டுப் பொருள்களை மட்டும் பார்க்கிறது: இரண்டு வகை நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இந்த எட்டில் இல்லை. 2009-இல் அறிவித்த தேசியக் காற்றுத் தர நிர்ணயத்தில் பென்சீன் இருக்கிறது, ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்று. தினசரிக் குறியீட்டில் அந்தப் பென்சீனும் இல்லை. கரைப்பான்களிலிருந்து கிளம்பும் மற்ற ஆவிகளும் இல்லை. டெல்லியில் லாரிப் புகையும் வைக்கோல் புகையும் பிரச்சினை, அதற்கு இந்த எட்டு சரியாக இருக்கும். ரசாயனப் பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவனுக்கு எது பிரச்சினையோ அதை இந்த எட்டு தொடுவதே இல்லை.

அப்புறம் சராசரி. இதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊர்ச் சண்டை முழுக்க இதில்தான் சிக்கிக் கிடக்கிறது. நுண்துகளை 24 மணி நேரத்துக்குச் சராசரி எடுக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்க 23 மணி நேரம் பி.எம் 2.5 என்கிற மிக நுண்ணிய துகளின் அளவு ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமில் நிற்கிறது, நல்ல காற்று. சாயங்காலம் ஒரே ஒரு மணி நேரம் மட்டும் 240-க்கு ஏறுகிறது. அந்த அளவு நாள் முழுக்க நீடித்தால் அதற்கு ‘மிக மோசம்’ என்று பெயர். மொத்தத்தைக் கூட்டி 24-ஆல் வகுத்தால் 39 கூட வராது. குறியீடு ‘திருப்தி’ என்று சொல்லும். பிள்ளைகள் மைதானத்தில் இருந்ததோ அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான். பந்தியில் ஒருத்தன் இலையில் ஒரு கை உப்பைக் கொட்டிவிட்டு, மொத்தப் பந்திக்கும் சராசரி பார்த்து உப்பு அளவாகத்தான் இருக்கிறது என்கிற கதை இது. கேஸ் நாற்றம் எங்களுக்கு நாள் முழுக்க வருவதில்லை, வரவும் வேண்டாம். வந்தால் அரை மணி, முக்கால் மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். புகார் கொடுத்து, ஆள் வந்து, கருவி வைத்து அளக்கும்போது காற்று திரும்பியிருக்கும். ‘அளவுக்குள்தான் இருக்கிறது’ என்று தாள் வரும். எழுதினவரும் பொய் எழுதவில்லை.

உலக சுகாதார நிறுவனம் ஹைட்ரஜன் சல்பைடுக்கு நாற்றத் தொல்லையை வைத்து ஒரு வழிகாட்டு அளவு சொல்லியிருக்கிறது: ஒரு கன மீட்டருக்கு 7 மைக்ரோகிராம், அதுவும் 30 நிமிடச் சராசரி. நாற்றத்தை அரை மணிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளைப் பெற்றவர்களும் படிப்பார்கள் என்பதால். இந்த வாயு கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். மிக அதிகமாகப் போனால் மூக்கு மரத்துப்போகும், நாற்றம் நின்ற மாதிரி தெரியும். ‘இப்ப வாசம் இல்ல சார், ஆடலாமா’ என்று பையன் கேட்டால் சரி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கபடியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கடலூர் மாவட்டத்தில் வேலை பார்ப்பவர்கள் யாரும் ஒரு போட்டியாவது பார்த்திருப்பீர்கள். ஆனால் மூச்சுக் கணக்கில் அதை யோசித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். பாடிப் போகிறவன் கோட்டைத் தாண்டும் முன் நெஞ்சு நிறைய ஒரு இழுப்பு இழுக்கிறான். அதை வைத்துக்கொண்டு, ‘கபடி கபடி’ என்று விடாமல் பாடிக்கொண்டே எதிராளி களத்தில் 30 விநாடி. திரும்பி வந்து கோட்டில் விழுந்ததும் வாயைப் பிளந்து இன்னொரு இழுப்பு. இரண்டு இழுப்பும் வாய் வழியாகத்தான். மூக்கில் இருக்கும் வடிகட்டிக்கு அங்கே வேலையே இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்றை இழுத்து விடுகிறார். உயிரைக் கொடுத்து ஓடும்போது அது பத்து மடங்கு வரை போகும். ஆக, ஒரே நாற்றத்துக்கு நடுவே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவும் களத்தில் இறங்கின பேரனும் சமம் இல்லை. பேரனுக்கு உள்ளே போவது பல மடங்கு. ஆட்டத்தை நிறுத்தினால் மட்டுமே அது குறையும். நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்தால் பிள்ளைகளை வரச் சொல்லவே மாட்டேன். இப்போது வந்து, வார்ம்-அப் முடித்து, மூச்சு முட்ட ஆடிக்கொண்டிருக்கும்போது நாற்றம் வருகிறது.

காற்று எங்கே அடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கேட்டால், எங்கள் ஊர்ப் பக்கம் அது ரகசியமே இல்லை. பேட்டை சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவில் நீளவாக்கில் கிடக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கடல். பகல் ஏற ஏறத் தரை சூடாகிக் கடல்காற்று கிளம்பும். அது பேட்டையைக் கடந்து மேற்கே வரும், சாலைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்போது நேரம் சரியில்லை. ராத்திரி தரை குளிர்ந்ததும் காற்று திரும்பிக் கடலைப் பார்க்கப் போகும், அப்போது ஆற்றங்கரைக்காரர்களுக்கும் அதைத் தாண்டிய குப்பங்களுக்கும். தெற்கிலிருந்து சோழகக் காற்று அடித்தால் வடக்கே கடலூர் முதுநகர்க்காரர்களும் மூக்கைப் பொத்துவார்கள், அன்றைக்குத்தான் எங்கள் நினைப்பு அவர்களுக்கு வரும். ஆனி, ஆடியில் கச்சான் என்கிற மேற்குக் காற்று பலமாக இருந்தால் கடல்காற்று உள்ளே வரவே மதியம் தாண்டிவிடும், சில நாள் வராமலே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று. இதையெல்லாம் படகில் போகிறவர்கள் வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு வானத்தைப் பார்க்கவும் வேண்டியதில்லை. வானிலை ஆய்வுத் துறையின் நிலையம் கடலூரிலேயே இருக்கிறது. காற்றின் திசையும் வேகமும் அவர்களிடம் கேட்டால் கிடைக்கும், மறுநாள் கணிப்பும் கிடைக்கும்.

எல்லாவற்றையும் விட மோசம் மார்கழி, தை விடியற்காலை. காலைக் காற்று சுத்தம் என்று நம்பி ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பி ஓட விடுகிற ஊர் நம்முடையது. ஆனால் மேகமில்லாத, காற்றசையாத ராத்திரியில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கீழேயே தங்கிவிடுகிறது, மேலே இருப்பது அதைவிடச் சூடு. மூடி போட்டாற்போல் ஆகிவிடும். ராத்திரி பூரா வெளியே விட்டது எதுவோ அது மேலே ஏறாமல், பனியோடு பனியாகத் தரையிலேயே கிடக்கும். வெயில் நன்றாக ஏறின பிறகுதான் கலையும். ஐந்து மணிக்கு ஓடுவதற்குப் பதில் எட்டு மணிக்கு ஓடினாலே சில நாள் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். எந்த நாள் என்று சொல்லத்தான் உங்களைக் கேட்கிறேன்.

இது படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும் என்று நினைக்கக்கூடாது. 2004-இல் இதே சிப்காட் கிராமத்து ஆட்கள் பிளாஸ்டிக் வாளியையும் அதற்குள் ஒரு பையையும் வைத்துத் தங்கள் ஊர்க் காற்றைத் தாங்களே பிடித்து வெளிநாட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 22 ரசாயனங்கள் இருப்பதாக வந்தது, அவற்றில் எட்டு புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. அவர்கள் செய்த இன்னொரு காரியம் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. எந்த நேரத்தில், எந்தத் திசையிலிருந்து, என்ன மாதிரி நாற்றம் என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்தார்கள். வாளி எப்போதாவதுதான் திறக்கும், நோட்டு தினமும் திறக்கும். இன்றைக்கும் எங்கள் தெருவில் பத்து வயதுப் பிள்ளையைக் கேட்டால், இது முட்டை நாற்றம், இது நகப்பாலிஷ் வாசம், இது கருகின ரப்பர் என்று பிரித்துச் சொல்லும். எந்தப் பக்கத்துக் கம்பெனி என்றும் சொல்லும். ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயமா என்பது வேறு கேள்வி.

கம்பெனிகளின் புகைபோக்கிகளில் ஆன்லைன் கருவி மாட்ட வேண்டும் என்று மத்திய வாரியம் 2014-இல் உத்தரவு போட்டது, மாசு அதிகம் உண்டாக்கும் 17 வகைத் தொழில்களுக்கு. அந்த எண்கள் சென்னை கிண்டியில் மாநில வாரியத்தின் ‘கேர் ஏர் சென்டர்’ என்ற கண்காணிப்பு மையத்தின் திரைகளுக்குப் போகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் கிண்டியில் தெரிவது குடிகாட்டில் தெரிவதில்லை. புகைபோக்கி வழியாக வராமல், குழாய் இணைப்பிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் டேங்கர் இறக்கும் இடத்திலும் கசிவதை அந்தக் கருவி பார்ப்பதும் இல்லை. 2025 மே மாதம் குடிகாட்டில் கழிவுநீர்த் தொட்டி உடைந்து வீடுகளுக்குள் கழிவு புகுந்ததை எந்தப் புகைபோக்கிக் கருவி சொல்லியிருக்கும்?

கம்பெனி நிர்வாகங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்துவதும் மறுபடி ஓட்டுவதும் உங்களுக்கு முன்பே தேதி குறித்த வேலை. அந்த நாட்களில்தான் வழக்கத்துக்கு மாறாக வெளியேறும் என்பது உங்கள் ஷிப்டு ஆட்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும், பாதிப் பேர் எங்கள் ஊர்க்காரர்கள்தானே. அந்தத் தேதியை முந்தின நாளே வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் சொல்லிவிடுவதில் உங்களுக்கு என்ன நஷ்டம்? தொழில் ரகசியம் எதையும் கேட்கவில்லை. என்ன தயாரிக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்கிறேன்.

சரி, கூண்டுக்கு வருகிறேன். துறைமுகக் கூண்டு எங்களுக்குப் பழக்கமான மொழி. ஒன்று ஏறினால் எங்கேயோ தூரத்தில் புயல், கடலூருக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. பத்து ஏறினால் வீட்டைக் காலி செய். 2011-இல் தானே புயல் எங்கள் தலைமேல் கடந்த பிறகு சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கூண்டு ஏற்றிப் புயல் வேறு பக்கம் போன நாட்களும் உண்டு. அதற்காக யாரும் துறைமுக ஆபீசைத் திட்டியதில்லை, பீதியைக் கிளப்பினீர்கள் என்று வழக்குப் போட்டதும் இல்லை. ‘காற்றைப் பற்றி முன்கூட்டிச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள்’ என்கிற பேச்சு இங்கே எடுபடாது. பயம் ஏற்கெனவே இருக்கிறது. எப்போது பயப்படலாம், எப்போது வேண்டாம் என்று தெரிந்தால் அது குறையும்.

அந்தக் கூண்டுப் பட்டியலில் எனக்கு ரொம்பப் பிடித்தது 11-ஆம் எண். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, ஆனாலும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அதற்கு அர்த்தம். அதாவது தகவல் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் புயல்காரர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள். காற்று விஷயத்தில் நாம் நேர் எதிராக நடக்கிறோம். கருவி ஓடவில்லை, மின்சாரம் இல்லை, 16 மணி நேரத் தரவு சேரவில்லை என்றால் அன்றைக்குக் குறியீடு போட மாட்டார்கள். அது சரியான விதிதான். ஆனால் அந்த வெற்றிடத்தில் ஏதோ ஒரு செயலியின் பச்சை வட்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, வாத்தியாரும் பெற்றவரும் அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை அனுப்புகிறார்கள். கருவி பழுது என்றால் பழுது என்று கூண்டு சொல்லட்டும்.

கொடியாக வேண்டாம், கூண்டாகவே இருக்கட்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று எந்தக் கொடியைக் கம்பத்தில் ஏற்றினாலும் எந்தக் கட்சி என்று கேட்பார்கள், மறுநாள் பக்கத்தில் இன்னொரு கம்பம் முளைக்கும். தகர டிரம்மில் வண்ணம் அடித்து, ராத்திரிக்கு உள்ளே ஒரு பல்பு போட்டால் போதும். பச்சை என்றால் வழக்கம்போல ஆடலாம். மஞ்சள் என்றால் வீசிங் இருக்கிற பிள்ளைகளை உட்கார வைத்து, ஓட்டத்தைக் குறைத்து, பிடிப் பயிற்சி மட்டும். சிவப்பு என்றால் மைதானம் பூட்டு. சாம்பல் நிறம் என்றால் எங்களிடம் தகவல் இல்லை, உங்கள் மூக்கை நம்புங்கள். இதை முடிவு செய்ய ஒரு பெரிய கணிப்பொறி வேண்டாம். மறுநாள் காற்றுத் திசை, கம்பெனிகள் கொடுத்த நிறுத்தத் தேதி, கிராமத்து நோட்டில் இருக்கும் பழைய பதிவு மூன்றையும் ஒரு மேசையில் போட்டுப் பார்த்தால் பொறியாளர் ஒருவரால் சொல்லிவிட முடியும். தொடக்கத்தில் தப்பும் தவறுமாகத்தான் வரும். நோட்டோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். நாற்றத்துக்குக் காரணமான வாயுக்களை மணிவாரியாக அளக்கும் கருவி ஒன்றிரண்டைப் பேட்டையின் மேற்கிலும் கிழக்கிலும் வைத்தால் இன்னும் நன்றாக வரும். அது வரும்வரை கூண்டு காத்திருக்கக் கூடாது.

‘இந்தியாவில் யார் இதைச் செய்திருக்கிறார்கள்’ என்று கோப்பில் ஒரு கேள்வி வரும், அதற்கும் பதில் வைத்திருக்கிறேன். 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. அதை ஒட்டி, அங்கே காற்றின் தரத்தை அளந்து முன்கூட்டிச் சொல்ல, புனேயில் இருக்கும் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் ‘சஃபர்’ என்ற ஏற்பாட்டைச் செய்தது. பிறகு புனே, மும்பை, அகமதாபாத்துக்கும் அது போனது. டெல்லிக்கு 2018-இல் இன்னும் விரிவான முன்னெச்சரிக்கை ஏற்பாடு வந்தது. ஆக, இந்த நாட்டில் காற்றுக்கு முன்னறிவிப்பு பிறந்ததே ஒரு விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான். பதக்கம் வாங்க வந்தவர்களின் நுரையீரலுக்குச் செய்ததைத்தான் மாவட்டப் போட்டிக்குத் தயாராகும் எங்கள் பிள்ளைகளுக்கும் கேட்கிறேன்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு ஒரு விசாரணையில் ‘நாங்கள்தான் சிவப்புக் கூண்டு ஏற்றிவிட்டோமே, இவர்கள் ஏன் வெளியே வந்தார்கள்’ என்று யாரும் பேசுவதற்கு இந்த மடல் இடம் கொடுக்கவில்லை. எச்சரிக்கை கொடுப்பது கசிய விடுவதற்கு உரிமம் ஆகாது. மாறாக, எத்தனை நாள் சிவப்பு ஏறியது என்பது வருஷக் கடைசியில் ஊராட்சிப் பலகையில் எழுதப்பட வேண்டும். அந்த எண் குறைந்தால்தான் வாரியம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படி எழுதுவீர்கள் என்றால், போகிக்கு டயர் கொளுத்துகிற எங்கள் ஆட்களையும் அதே பலகையில் எழுதுங்கள், தாராளமாக. அன்றைக்குச் சிவப்பு ஏற்ற எங்கள் பக்கம் இருந்தே ஆள் வரும்.

ஆட்சியர் அவர்களுக்கு: இதற்குத் தனியாக நிதி தேட வேண்டியதில்லை. கம்பம் மைதானத்தில் நிற்கிறது. டிரம்முக்கு வண்ணம் அடிக்கவும் தினமும் சாயங்காலம் ஏற்றி இறக்கவும் பெரிய பையன்கள் பொறுப்பெடுத்துக்கொள்கிறார்கள். உங்களிடமிருந்து வேண்டியது, தினமும் மாலை ஆறு மணிக்குள் ஊராட்சி எழுத்தரின் செல்போனுக்கு ஊர்ப் பெயரும் வண்ணமும் போட்ட ஒரு குறுஞ்செய்தி. அதை அனுப்புவது வாரியத்தின் வேலையா, பேரிடர் மேலாண்மைப் பிரிவின் வேலையா என்று உங்கள் அலுவலகத்தில் ஒரு பேச்சு எழும். அந்த ஒன்றை மட்டும் நீங்கள் தீர்த்து வைக்க வேண்டும். பொங்கல் விளையாட்டுப் போட்டிக்கு மார்கழி முதல் தேதியிலிருந்து விடியற்காலைப் பயிற்சி தொடங்குகிறோம். அதற்கு முன் ஒரு நாள் உங்கள் பொறியாளரை ராத்திரி எட்டு மணிக்கு மேல் மைதானத்துக்கு அனுப்பி வையுங்கள். நோட்டோடு நாங்கள் அங்கே இருப்போம்.

இப்படிக்கு,
சிப்காட் கிராமம் ஒன்றின் கபடிப் பயிற்சியாளர்,
கடலூர் மாவட்டம்.